பாஸ்போர்ட் இல்லாத விவசாயி

(டிசம்பர் 25 அன்று கோரிமேட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெருமளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



டிசம்பர் 25 என்கிற தேதிக்கு நம்ம வரலாற்றில் மூன்று பக்கம் இருக்கிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியைக் கொளுத்திய நாள். 1968இல் கீழ்வெண்மணியில் நம் சனங்கள் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய நாள். 1991இல் கோர்பச்சேவ் பதவி விலகி, கிரெம்ளின் மாளிகை மேலிருந்து செங்கொடியைக் கீழே இறக்கிய நாள். முதல் இரண்டையும் பற்றி இங்கே ஒவ்வொரு வருஷமும் பேசுகிறோம். நான் மூன்றாவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

'அது அவங்க வீட்டு எழவு, நமக்கு என்ன?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். கட்சி மேடைகளில் மாஸ்கோவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள், பக்கத்துச் சேரியைப் பற்றிப் பேச நேரம் இல்லாமல் போய்விட்டது என்கிற கோபம் நமக்கு உண்டு. ஆனாலும் அந்த எழவு வீட்டில் நமக்கும் பங்கு இருந்தது. என்ன பங்கு, அதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வரவைச் சொல்லிவிடுகிறேன்.

1897இல் ஜார் ஆட்சியில் எடுத்த கணக்கெடுப்பின்படி, 9 வயதிலிருந்து 49 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். 1939இல் அது 87. சும்மா வந்ததில்லை இது. எழுத்தே இல்லாத மொழிகளுக்கு எழுத்து உண்டாக்கிக் கொடுத்தார்கள். சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்' தமிழில் வந்தது. நம்மில் பலர் படித்திருப்போம். கிர்கீசிய மலைக்கிராமம், ஒரு அநாதைப் பெண்பிள்ளை, தனக்கே சரியாக எழுத வராத ஒரு வாத்தியார். அந்தப் பிள்ளை கடைசியில் பெரிய அறிஞராக வருகிறாள். சேரியிலிருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்தக் கதை வெளிநாட்டுக் கதையாகத் தெரியாது.

புரட்சி நடந்த நாலாவது நாளே எட்டு மணி நேர வேலை என்று உத்தரவு போட்டார்கள். அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. 1936 ஜூலை 30இல் இதே புதுச்சேரியில், சவானா மில்லில், தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக மறுவருஷமே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. கீழத் தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் வழக்கமாக இருந்த பண்ணைகளில் சீனிவாசராவ் சேரிக்குள் வந்து, 'அடிச்சா திருப்பி அடி' என்று சங்கம் கட்டினார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எங்கேயோ ஒரு நாட்டில் கூலிக்காரன் ஆட்சியைப் பிடித்துவிட்டான் என்கிற சேதி இல்லாமல் இந்தத் துணிச்சல் இத்தனை சீக்கிரம் வந்திருக்காது. இதை மறைத்தால் நாம் நன்றி கெட்டவர்கள்.

இனி செலவு. அதற்கு 1932 என்கிற ஒரே வருஷத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் பிப்ரவரியில் பெரியார் சோவியத் நாட்டுக்குப் போனார். மே வரை சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டுத் திட்டத்தை முன்வைத்தார். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதே வருஷம் அங்கே போனார். அமெரிக்காவில் வெள்ளைக்காரனோடு ஒரே இருக்கையில் உட்கார முடியாத மனிதர், மத்திய ஆசியாவில் தன் நிறத்து மனிதர்கள் அதிகாரிகளாக இருப்பதைப் பார்த்தார். ஒடுக்கப்பட்டவர்கள் அந்த நாட்டை ஏன் அப்படி அண்ணாந்து பார்த்தார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். செப்டம்பரில் இங்கே பூனா ஒப்பந்தம். இரட்டை வாக்குரிமையை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் டிசம்பர் 27இல் மாஸ்கோவில் ஒரு உத்தரவு போடுகிறார்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு உள்நாட்டுப் பாஸ்போர்ட் என்கிறது உத்தரவு. பாஸ்போர்ட் இருந்தால்தான் நகரத்தில் குடியிருக்கலாம். கூட்டுப்பண்ணை விவசாயிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது கொடுக்கப்படவில்லை. பண்ணை நிர்வாகமும் ஊர் அதிகாரியும் தாள் கொடுத்தால்தான் ஊரை விட்டுப் போய்க் குடியேற முடியும். உக்ரைனிலும் கஜக்ஸ்தானிலும் பஞ்சத்தில் லட்சம் லட்சமாகச் செத்துக்கொண்டிருந்த நேரம் அது.

எப்போது இதை மாற்றினார்கள் தெரியுமா தோழர்களே? 1974இல்! உத்தரவு அப்போதுதான் வந்தது, 1976இலிருந்துதான் கொடுக்கவே தொடங்கினார்கள். 1961இல் கூட்டுப்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த யூரி ககாரினை விண்வெளிக்கு அனுப்பினார்கள். அதே 1961இல் கூட்டுப்பண்ணையில் உழைத்த ஆளுக்குப் பக்கத்து நகரத்தில் குடியேறப் பாஸ்போர்ட் கிடையாது. 1966 வரைக்கும் உத்தரவாதமான மாதக் கூலியும் கிடையாது. வேலை செய்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, அறுவடை முடிந்து அரசுக்கு அளந்தது போக மீந்ததில் பங்கு.

நிலம் எல்லோருக்கும் சொந்தம் என்று சட்டம் சொன்னது. அந்த நிலத்தை விட்டு நகர உழுகிறவனுக்கு உரிமை இல்லை. இந்த நிலைமைக்கு நம்ம பக்கம் என்ன பெயர் என்று கீழத் தஞ்சைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ரெண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே பிறப்பால் தீட்டு இல்லை. பண்ணைக்காரன் பிள்ளை படித்துப் பொறியாளராக வழி இருந்தது. ஆனால் நிலம் யார் பேரில் இருக்கிறது என்கிற கேள்வியோடு, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்கிற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை அந்தப் பாஸ்போர்ட் நமக்குச் சொல்லித் தருகிறது.

இந்தக் கேள்வியை நமக்கு முன்னாலேயே கேட்டவர் அம்பேத்கர். 1956ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் குருஷேவ் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைக் கட்சி மாநாட்டில் மூடிய அறையில் பேசுகிறார். நவம்பரில் ஹங்கேரித் தொழிலாளர்கள் மேல் சோவியத் டாங்கிகள் ஏறுகின்றன. அதே நவம்பர் 20இல் அம்பேத்கர் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் வைத்துப் பேசுகிறார். சாவதற்கு 16 நாள் முன்னால். சுரண்டல் ஒழிய வேண்டும் என்பதில் அவருக்கு மார்க்சோடு சண்டை இல்லை. பலாத்காரத்தால் நிற்கிற ஒரு அமைப்பு, அந்தப் பலாத்காரம் விலகினால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றுதான் கேட்டார். 35 வருஷம் கழித்துப் பதில் வந்தது.

'அம்பேத்கர் கம்யூனிச விரோதி' என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் 1947இல் அவர் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலைப் படிக்க வேண்டும். விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், நிலத்தைச் சாதி பார்க்காமல் கூட்டுப்பண்ணைக்குக் கொடுக்க வேண்டும், முக்கியத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும் என்கிறார். கூடவே ரெண்டு பூட்டு போடுகிறார். ஒன்று, இது சர்வாதிகாரம் இல்லாமல் நாடாளுமன்ற ஜனநாயகத்தோடு நடக்க வேண்டும். இன்னொன்று, நாளைக்கு வருகிற பெரும்பான்மை தூக்கி எறிய முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். சோவியத்தில் முதல் பூட்டு இல்லை. இந்தியாவில் ரெண்டாவது பூட்டை அவர்கள் போட விடவில்லை.

பூட்டு இல்லாத வீட்டில் என்ன நடந்தது? 1991 மார்ச்சில் பொது வாக்கெடுப்பு. ஆறு குடியரசுகள் புறக்கணித்தன. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 76 பேர் ஒன்றியம் நீடிக்கட்டும் என்றார்கள். ஆகஸ்டில் ராணுவச் சதி. மூன்றே நாளில் முறிந்தது. டிசம்பர் 1இல் உக்ரைன் மக்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தார்கள். டிசம்பர் 8இல் ஒரு காட்டு மாளிகையில் மூன்று குடியரசுகளின் தலைவர்கள் கையெழுத்துப் போட்டு ஒன்றியத்தை முடித்துவைத்தார்கள். பிரிந்து போகும் உரிமை 1924இலிருந்தே சட்டத்தில் இருந்தது. இருக்கும்போது யாரும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. தாளில் இருக்கிற உரிமை என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு தாளில் இருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள்.

நான் வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிறவன். அதனால் எனக்கு 1992தான் கண்ணில் நிற்கிறது. ஜனவரியில் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தார்கள். ஒரே வருஷத்தில் ரஷ்யாவில் விலைவாசி 25 மடங்குக்கு மேல் ஏறியது. அரசுச் சேமிப்பு வங்கியில் ஆயுள் முழுக்கச் சேர்த்த 100 ரூபிள், வருஷக் கடைசியில் 4 ரூபிள் பெறுமானம். பாஸ்புக்கில் எண் அப்படியே இருக்கும். அந்த எண்ணால் ரொட்டி வாங்க முடியாது. ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் ஏறத்தாழ 64. 1994இல் 58க்கும் கீழே. போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. ஆலைகளும் எண்ணெய்க் கிணறுகளும் யார் கைக்குப் போயின? பெரும்பாலும் நேற்று வரை அதே ஆலையில் நிர்வாகியாக, அதிகாரியாக, கட்சி இளைஞர் அணித் தலைவராக இருந்தவர்கள் கைக்கு. தொழிலாளி அரசு என்று பெயர். தொழிலாளியால் அதைக் காப்பாற்றவும் முடியவில்லை. அவனிடம் கூட்டம் போட உரிமை இல்லை, சொந்தச் சங்கம் இல்லை, பத்திரிகை இல்லை. எல்லாவற்றையும் அவன் பெயரில் வேறொருவர் வைத்திருந்தார்.

இந்த வீழ்ச்சிக்கு ரெண்டு சுலபமான பதில் நம்மிடையே சுற்றுகிறது. 'மார்க்சியம் செத்துப்போச்சு' என்பது ஒன்று. சுரண்டல் சாகாத வரைக்கும் அதைப் பற்றின படிப்பு சாகாது. 'எல்லாம் ஏகாதிபத்தியச் சதி' என்பது இன்னொன்று. சதி இருந்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேரைப் பறிகொடுத்து ஹிட்லரை முறித்த மக்கள், 1991இல் ஏன் வீதிக்கு வந்து அந்தக் கொடியைக் காப்பாற்றவில்லை? அதற்குச் சதிக் கோட்பாட்டில் பதில் கிடையாது. 2022இல் உக்ரைன் மேல் படை அனுப்புவதற்கு முன்னால் புதின் பேசியதையும் கவனிக்க வேண்டும். உக்ரைனை உண்டாக்கியதே லெனின் செய்த தவறு என்றார். சிறிய தேசங்களுக்குப் பிரியும் உரிமை கொடுத்த லெனின்தான் இன்றைய கிரெம்ளினுக்கு உறுத்துகிறார்.

கடைசியாக நம்ம ஊர். 1990 ஆகஸ்டில் மண்டல் அறிவிப்பு. 1991 ஜூலையில் புதிய பொருளாதாரக் கொள்கை. டிசம்பரில் சோவியத் முடிந்தது. 'பார்த்தீங்களா, பொதுத்துறை என்றாலே இப்படித்தான்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. 1969இல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகுதான் நம்ம ஆட்கள் இடஒதுக்கீட்டில் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார முடிந்தது. 2021 பட்ஜெட்டில் இரண்டு பொதுத்துறை வங்கிகளை விற்போம் என்றார்கள். 2022இல் புதுச்சேரி மின்துறையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விற்றால் இடஒதுக்கீடும் அதோடு போகும். அதனால் பொதுத்துறையை நாம் காக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இல்லை. சோவியத்தோடு 1988இல் ஒப்பந்தம் போட்ட கூடங்குளம் அணு உலை, அந்த நாடு மறைந்த பிறகும் வந்து சேர்ந்தது. இடிந்தகரை மீனவர்கள் ஆயிரக்கணக்கில் வழக்கு வாங்கினார்கள். அதுவும் அரசுடைமைதான்.

எனவே அரசுடைமை என்று எங்கே கேட்டாலும் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லி முடிக்கிறேன். அதில் முடிவெடுக்கிற நாற்காலியில் நம்ம ஆள் இருக்கிறானா, நம்ம பெண் இருக்கிறாளா? முடிவு தப்பு என்றால் எதிர்த்துக் கூட்டம் போட முடியுமா? பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்து எழுந்து வெளியே நடக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வருகிற பொதுவுடைமை இன்னும் எங்கேயும் கட்டப்படவில்லை. கட்டும் வேலையில் கடைசிச் செங்கல் தூக்குகிறவர்களாக இல்லாமல், வரைபடம் போடுகிறவர்களாக நாம் இருக்க வேண்டும்.

மாற்றுக்கருத்து உள்ள தோழர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். கேளுங்கள், பேசுவோம். ஜெய்பீம்.