ஊசிக்கு முன்னால் விரல்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று கடிதம் வந்த அன்று மகிழ்ச்சி. நாள் நெருங்க நெருங்க வயிற்றில் கலக்கம். முன்வரிசையில் இருப்பவர்களில் மூன்று பேர் என் கட்டுரைகளை மதிப்புரையில் கிழித்தவர்கள். இரண்டு பேருடையதை நான் கிழித்திருக்கிறேன். இருபது நிமிடம் என்று செயலாளர் துண்டுச்சீட்டு கொடுத்திருக்கிறார். முயல்கிறேன்.

அழைப்பிதழில் உள்ள பொருள், வலி தணிப்பில் சீன மருத்துவம். ச்சி என்ற உயிராற்றல், அது ஓடும் நாடிகள், யின்-யாங் என்ற எதிரிணை எல்லாம் இந்த அவைக்கு அரிச்சுவடி. மூலிகைப் பக்கத்தை நாளைய அமர்வு பார்த்துக்கொள்ளும். வலிக்குக் கொடுக்கும் யென்ஹுசுவோ கிழங்கைக் காடியில் ஏன் பதப்படுத்துகிறார்கள் என்பதை வேதியியல் நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் 1965 முதல் செய்த ஆய்வுகளும், ஊசியில் 2 ஹெர்ட்ஸ் மின்தூண்டலுக்கும் 100 ஹெர்ட்ஸுக்கும் உடல் வெவ்வேறு வலியடக்கிகளைச் சுரக்கிறது என்ற அவருடைய முடிவும் உங்களுக்குப் புதிதல்ல.

அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் கதையை மட்டும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. 1971 ஜூலையில் பெய்ஜிங்கில் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது அக்குபங்சர் மயக்கத்தில் அல்ல. வழக்கமான மரப்பு மருந்தைத்தான் செலுத்தினார்கள். அக்குபங்சர் வந்தது அறுவைக்குப் பிறகு, வயிற்று உப்புசத்துக்கு. நியூயார்க் டைம்ஸில் அவரே இதைத் தெளிவாக எழுதினார். ஆனாலும் நம் கருத்தரங்குகளில் அவர் வருடந்தோறும் ஊசி குத்தப்பட்டே அறுக்கப்படுகிறார். இந்த முறை எந்தக் கட்டுரைச் சுருக்கத்திலும் அந்த வரி இல்லை. உரியவருக்கு என் நன்றி.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

தாங் காலத்து மருத்துவர் சுன் சிமியாவோ, ஏறத்தாழ 652-இல் முடித்த ஆயிரம் பொன் பெறும் மருந்துமுறைகள் நூலில், மூலிகை எரித்துச் சூடு காட்டும் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது போகிற போக்கில் ஒரு செய்தி சொல்கிறார். வூ, ஷு வட்டாரங்களில் மக்கள் வலிக்கும் பக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார்களாம். உரிய இடம் அகப்பட்டதும் நோயாளி 'ஆ ஷி' என்பாராம். அங்கே சுட்டாலும் குத்தினாலும் பலன் உண்டு, அது பட்டியலில் உள்ள புள்ளியா என்று கேட்க வேண்டியதில்லை என்கிறார். பாடநூல்கள் இதை 'ஆ ஷி புள்ளி' என்று இரண்டு வரியில் முடித்து, அடைப்புக்குறிக்குள் 'தொட்டால் வலிக்கும் இடம்' என்று பொருள் எழுதிவிடுகின்றன. மூலத்தில் வலி மட்டும் இல்லை, சுகமும் இருக்கிறது. அழுத்தியதும் இதமாக இருந்தாலும் அது ஆ ஷிதான். அந்தப் பாதியை யார் எப்போது கைவிட்டார்கள் என்பதற்கு ஒரு முழுக் கட்டுரையை நான் இதுவரை பார்த்ததில்லை.

நம் வீடுகளில் பாட்டிக்கு முதுகில் தைலம் தேய்த்தவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. "இங்கயா பாட்டி?" "இல்லடா, கொஞ்சம் கீழ... இன்னும்... ஆங், அங்கதான், அங்கதான்!" அந்த 'அங்கதான்' வந்த நொடியில் வலியும் சுகமும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆ ஷி என்பது அதுதான்.

சுன் சிமியாவோ புள்ளிகளை அறியாதவரா என்று கேட்பீர்கள். நாடிகளுக்கு வண்ணம் தீட்டிப் படங்கள் அமைத்தவர் அவர். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே, வரைபடத்தில் இல்லாத இடத்துக்கும் அவர் இடம் விட்டார். புள்ளிப் பட்டியல் இல்லாமலே சிகிச்சை நடந்ததற்கு அவருக்கு முன்னும் சான்று உண்டு. கி.மு. 168-இல் மூடப்பட்டு 1973-இல் தோண்டப்பட்ட மாவாங்துயி கல்லறையின் பட்டுச்சுவடிகளில் பதினொரு நாடிகள் இருக்கின்றன. அந்த நாடிகளுக்குச் சொன்ன சிகிச்சை சூடு மட்டுமே. ஊசியும் இல்லை, பெயரிட்ட புள்ளிகளும் இல்லை. புள்ளிகளை இறுக்கியது பிற்காலம். 1027-இல் சோங் அரசவைக்காக வாங் வெய்யி, புள்ளிகளைத் துளைகளாக இட்ட வெண்கல மனிதனை வார்த்தார். மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, மாணவன் குத்தும்போது நீர் கசிந்தால் தேர்ச்சி என்பார்கள். தேர்வுக்கு நல்ல கருவிதான். ஆனால் வெண்கல மனிதன் 'அங்கதான்' என்று சொல்லமாட்டான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடந்து 2007-இல் வெளிவந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள், முறைப்படி குத்திய குழுவில் 47.6 விழுக்காடு, புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலிக் குழுவில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. ஒரு தரப்பு முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் வைத்து வெற்றி என்கிறது. இன்னொரு தரப்பு முதல் இரண்டை வைத்து மரபு தோற்றது என்கிறது. தோற்றது வெண்கல மனிதன் என்பது என் வாதம். முதல் இரண்டு எண்களுக்கும் நடுவே சோதிக்கப்பட்டது வரைபடம்தான், விரல் அல்ல என்றே நான் படிக்கிறேன். இதனால் ஊசி வென்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. எதிர்பார்ப்பும் கவனிப்புமே வேலை செய்திருக்கலாம். விரல் வைத்துத் தேடுவது அந்தக் கவனிப்பின் ஒரு வடிவம்தானா என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே ஒரு பழைய கணக்கையும் தீர்க்க வேண்டும். 1977-இல் வலி ஆய்வாளர் மெல்சாக்கின் குழு, தசைகளின் வலித்தூண்டல் முடிச்சுகளும் அக்குபங்சர் புள்ளிகளும் 71 விழுக்காடு பொருந்துகின்றன என்றது. அதை நம்பி நான் எழுதிய கட்டுரையை ஒரு நண்பர் மேடையிலேயே கடிந்தார். அக்குபங்சர் ஆய்வாளர் ஸ்டீபன் பர்ச் 2003-இல் அந்த எண்ணைக் கேள்விக்குள்ளாக்கியிருந்ததை நான் படிக்கவில்லை. நண்பர் சொன்னது சரி. ஆனால் அவர் பர்ச்சைப் பாதிதான் படித்தார். முடிச்சுகளை ஒப்பிட வேண்டியது ஆ ஷியோடு என்பதும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஆக, ஆளுக்குப் பாதித் தவறு.

வர்மத்திலிருந்தே ஊசிமுறை சீனா போயிற்று, சித்தர் போகர் கொண்டுபோனார் என்று நம்மூரில் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேதியிட்ட ஒரு சுவடியைக் காட்டுங்கள், முதல் ஆளாக நான் கைதட்டுவேன். அதுவரை வர்மத்தை அதன் சொந்தப் பெருமையில் படிப்போம். கடன் கொடுத்த கணக்கு அதற்குத் தேவையில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். மருத்துவர்களாக வந்திருப்பவர்கள் உங்கள் நோயாளிக் குறிப்பேட்டில் புள்ளியின் எண்ணை எழுதுகிறீர்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். விரல் வைத்தபோது நோயாளி என்ன சொன்னார், வலித்ததா, இதமாக இருந்ததா என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அடுத்த கருத்தரங்குக்கு அந்தக் குறிப்பேடுகளோடு வாருங்கள். அப்போது என் வாதம் உடைந்தால், உடைப்பவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. நான் நான்காம் முறை கிழிபட்டவனாக அல்ல, முதல் வாசகனாக உட்கார்ந்திருப்பேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.