நீர் தெளிக்கும் கடிகாரம்

வீராணம் ஏரியின் மதகு செய்யும் வேலையை வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு கடிகாரப் பெட்டி நடத்துகிறது. குறித்த வேளையில் அது 24 வோல்ட் மின்சாரம் அனுப்ப, வால்வு திறந்து நீர் தெளிக்கிறது. (தடுக்கிதழ் என்பாரும் உளர், கடையில் வால்வு என்றால்தான் கிடைக்கும்.) ஒரு நாள் தெளிக்காவிடில், பலர் பெட்டியைப் பழித்துப் புதியது வாங்க விரைகின்றனர். பழுது பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

குழாயில் நீர் வருகிறதா என்று பார்த்தபின், வால்வின் மேலுள்ள சிறு திருகைக் கையால் தளர்த்துங்கள். நீர் தெளித்தால் குறை மின்பகுதியில். தெளிக்காவிடில் பெட்டியைத் திறப்பது வீண்வேலை.

மின்பகுதியென்று தெரிந்தால், மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைக் கழற்றி, வால்வுச் சுருளின் மின்தடையை அளவுங்கள். பெரும்பாலானவை 20 முதல் 60 ஓம் காட்டும். அளவே காட்டாவிடில் சுருள் அறுந்ததா, கம்பி அறுந்ததா என்று பாருங்கள். கடலூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் கம்பி இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறும். அதைச் சுரண்டினாலே போதியதாகலாம்.

நீர் நிற்காமலே ஓடினால்? வால்வினுள் ஒரு ரப்பர்த் தகடும், அதில் ஊசித்துளையும் உண்டு. அத்துளைவழி மேலே சேரும் நீர் அழுத்தியே வால்வு மூடுகிறது. ஒரு மணல் துகள் அடைத்தால் மூடாது! ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கு வலைவடிகட்டி வேண்டுவது இதனாலேயே.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியபின் பல நாட்கள் மின்சாரமில்லை. அத்தகைய தடைக்குப்பின், காப்பு மின்கலம் தீர்ந்த பெட்டி நேரத்தை மறந்து நள்ளிரவில் தெளிக்கக்கூடும். மின்கலத்தை மாற்றி நேரத்தைத் திருத்தினால், மறுநாட்காலை வழக்கம்போல் தெளிக்கும்.