நாங்கள் அறுத்துக்கட்டுகிற சாதி

(மாணவர் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வயது வந்தோருக்கான திரைப்படங்களில் குடும்பம் என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் சிரித்தார். புருஷன் பெண்டாட்டி சண்டை, கள்ள உறவு, இதெல்லாம் நடுத்தர வர்க்கத்துக்காரன் கவலை, நமக்குக் கூலி இருக்கு, நிலம் இருக்கு, வன்கொடுமை இருக்கு, இதுக்கு ஒரு கூட்டமா என்றார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்றேன். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் இதைச் சொல்லிவிட்டார். தன் சாதிக்குள்ளேயே மணப்பது என்கிற ஏற்பாடுதான் சாதியின் உயிர். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமி மணம் எல்லாம் அந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற வந்த காவல்கள். அப்படியானால் தாலியை மீறுகிற கதை எதுவும் சாதியைத் தொடாமல் இருக்க முடியாது. தொடாத மாதிரித் தெரிந்தால், எங்கே மறைத்திருக்கிறார்கள் என்று நாம்தான் தேட வேண்டும்.

முதலில் இந்த ‘ஏ’ முத்திரை. 1952ஆம் வருஷத்துத் திரைப்படச் சட்டப்படி 1983 வரை இரண்டே வகைதான். எல்லோருக்கும் ‘யு’, வயது வந்தோருக்கு ‘ஏ’. பிறகு ‘யுஏ’ வந்தது, 2023இல் அதையும் வயதுவாரியாக மூன்றாகப் பிரித்தார்கள். சட்டம் பதினெட்டு வயதைக் கணக்குப் போடும். ஆனால் நம்ம ஊர்ச் சுவரொட்டியில் ‘ஏ’ என்றால் என்ன அர்த்தம்? காலைக் காட்சி, சதை, தலையில் துண்டு போட்டுக்கொண்டு நுழைவது. கல்யாணம் என்கிற ஏற்பாட்டை வயது வந்த மனுசனாக உட்கார்ந்து யோசிக்க வைக்கிற படத்துக்கு நம்மிடம் பெயரே இல்லாமல் போய்விட்டது. இன்று அந்த மாதிரிப் படங்கள் இரண்டைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டும் இந்தி. இரண்டிலும் ஷபனா ஆஸ்மி.

ஒன்று, மகேஷ் பட்டின் ‘அர்த்’, 1982. இதைத்தான் பாலு மகேந்திரா 1993இல் ‘மறுபடியும்’ என்று தமிழில் எடுத்தார். அனாதையாக வளர்ந்த பூஜாவுக்குச் சொந்த வீடு ஒரு கனவு. வீடு வருகிறது, கூடவே புருஷன் இந்தருக்கு ஒரு நடிகையோடு உறவு இருப்பதும் தெரியவருகிறது. அவன் போய்விடுகிறான். பூஜா அந்த வீட்டை விட்டு வெளியேறி, விடுதியில் தங்கி, வேலை தேடி நிமிர்கிறாள். கடைசியில் அவன் திரும்பி வருகிறான். நீ செய்ததை நான் செய்துவிட்டு வந்தால் ஏற்பாயா என்று கேட்கிறாள். மாட்டேன் என்கிறான். போகச் சொல்லிவிடுகிறாள். அவளை விரும்புகிற இன்னொருவனையும் மறுத்துவிட்டுத் தனியாக நிற்கிறாள். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த வீட்டில் வேலை செய்கிற பெண்ணைப் பார்த்தீர்களா? ரோகிணி ஹட்டங்கடி நடித்தது. அவள் புருஷனும் குடிகாரன், அவனுக்கும் இன்னொருத்தி. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அவன் தூக்கிக்கொண்டு போய் அழிக்கிறான். அவள் அவனைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறாள். மகளைப் பூஜா வளர்க்கிறாள். அதாவது, ஒரே துரோகம் இரண்டு பெண்களுக்கு நடக்கிறது. எஜமானிக்கு விடுதலை, வேலைக்காரிக்குச் சிறை. போதாததற்கு, எஜமானியின் புது வாழ்க்கைக்குத் துணையாக வேலைக்காரியின் பிள்ளை. அவளுக்கு என்ன சாதி என்று படம் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுகிற கைக்குச் சாதி சொல்ல வேண்டிய அவசியம் இந்த நாட்டில் யாருக்கு இருந்தது?

இரண்டாவது, ஷியாம் பெனகலின் ‘அங்கூர்’, 1974. தெலங்கானா கிராமம். லட்சுமி தலித் பெண். அவள் புருஷன் கிஷ்டய்யாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. நிலக்கிழார் மகன் சூர்யா, பட்டணத்தில் படித்தவன், பண்ணையைப் பார்க்க வருகிறான். சாதி பார்க்கமாட்டேன் என்று சொல்லி லட்சுமி கையால் டீ போடச் சொல்லிக் குடிக்கிறான், சமைக்கச் சொல்லிச் சாப்பிடுகிறான். நம்ம பக்கத்து முற்போக்காளர்கள் சிலர் ஞாபகத்துக்கு வருவார்கள். கள் திருடினான் என்று கிஷ்டய்யாவுக்குத் தலையை மழித்துக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். அவமானத்தில் அவன் ஊரைவிட்டே போகிறான். அந்தத் தனிமையில் சூர்யா அவளைச் சேர்த்துக்கொள்கிறான். கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்கிறான். அவன் மனைவி வந்துசேர்ந்ததும், லட்சுமி கர்ப்பம் என்று தெரிந்ததும், அந்த வாக்கு காற்றோடு போய்விடுகிறது. கிஷ்டய்யா திரும்பி வருகிறான். குழந்தை என்று தெரிந்து சந்தோஷப்பட்டு, வேலை கேட்டுச் சூர்யாவிடம் ஓடுகிறான். தன் குற்றத்துக்குப் பயந்துபோன சூர்யா, அவன் பழிவாங்க வருகிறான் என்று நினைத்து ஆள்வைத்துப் பிடித்து அடிக்கிறான்.

இதைக் கள்ள உறவு என்று சொல்லலாமா? 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? அடுத்தவன் மனைவியோடு, அந்தப் புருஷனுடைய சம்மதம் இல்லாமல் உறவுகொண்டால் குற்றம். புருஷன் சம்மதித்தால் குற்றமில்லை. தன் புருஷன் இன்னொருத்தியிடம் போனால் மனைவி புகார் கொடுக்க வழியில்லை. பெண்டாட்டி ஒரு சொத்து, அவ்வளவுதான். 2018 செப்டம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. ஆனால் அது இருந்த காலத்திலேயே, பேச்சு வராத கிஷ்டய்யா எந்தக் கோர்ட்டுப் படியேறி பண்ணையார் மகன்மேல் வழக்குப் போட்டிருப்பான்? சொத்து உரிமைகூட சொத்து உள்ளவனுக்குத்தான். அடிபட்ட புருஷனை அணைத்துக்கொண்டு லட்சுமி சூர்யாவைச் சபிக்கிறாள். எல்லோரும் போனபின் ஒரு சிறுவன் அவன் வீட்டுக் கண்ணாடியில் கல்லெறிந்துவிட்டு ஓடுகிறான். அந்தக் கல்லைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். லட்சுமியைப் பற்றிப் பேசினோமா?

இப்ப என் கதைக்கு வர்றேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

கல்லூரி விடுதியில் இருந்த காலம். திரைப்படச் சங்கத்தில் ‘அர்த்’ போட்டார்கள். படம் முடிந்து விவாதத்தில் பூஜாவை மெச்சி அரைமணி நேரம் பேசினேன், கைதட்டினார்கள். அடுத்த வாரம் ஊருக்குப் போனால் தங்கச்சி கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருக்கு. அவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு, கேட்டால் அடி. இனி போகமாட்டேன் என்கிறது. நான் என்ன சொன்னேன்? “அனுசரிச்சுப் போம்மா. வெளியே தெரிஞ்சா அறுத்துக்கட்டுற சாதின்னு கேவலமாப் பேசுவாங்க.”

அடுப்படியில் இருந்த அம்மா திரும்பி, “அவன் பேசுவான்னு இவ சாவணுமாடா?” என்றது.

அதோடு நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் நாலு பெரியவர்களைக் கூட்டித் தீர்த்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ஒரு கொத்தனாருக்குத் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது. இன்னைக்கு நல்லா இருக்கு.

அறுத்துக்கட்டுவது என்று அவன் வசவாகச் சொல்வதை நம் பாட்டிகள் வாழ்க்கையாக வாழ்ந்தார்கள். பிடிக்கவில்லை என்றால் தீர்த்துவிடலாம், விதவையானால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம்கூட, வழக்கப்படி தீர்த்துக்கொள்கிற உரிமையை 29ஆம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. ஒரு டிகிரி வாங்கியதும் நாம் முதலில் வெட்கப்படுவது இந்த உரிமைக்குத்தான். மேல்சாதி வீட்டுக் கற்பை நம்ம வீட்டுக் கூரையில் கொண்டுவந்து மாட்டுகிறோம்.

அதற்காகப் பழைய வழக்கமே சொர்க்கம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து பேசிய நாலு பேரும் ஆம்பளைகள். தங்கச்சி திண்ணைக்குக் கீழே நின்றது. குழந்தைக்கு ஒரு பைசா ஜீவனாம்சம் கிடைக்கவில்லை. அந்த வழக்கத்தில் உள்ள சுதந்திரத்தை வைத்துக்கொண்டு, இந்த அநியாயத்தை உடைக்க வேண்டும். அது நம்ம வேலை, யாரும் வந்து செய்யமாட்டார்கள்.

இனி இந்த மாதிரிப் படம் பார்க்கும்போது மூணு கேள்வி கேளுங்கள். வீட்டை விட்டு வெளியேறுகிறவளுக்குப் போக இடம் எங்கிருந்து வந்தது? அவள் போனபின் அந்த வீட்டைக் கூட்டுகிறவள் யார்? கூட்டுகிறவளுக்கு ஒரு கல்யாணம் இருக்கிறதே, அதில் என்ன நடக்கிறது? அப்புறம் வீட்டுக்குப் போய் இதே கேள்வியை அங்கேயும் கேளுங்கள். மேடையில் பேசுவது சுலபம், நான் பேசியிருக்கிறேன்.

ரொம்ப நேரம் பேசிட்டேன். இந்தக் கூட்டத்தில் பெண் தோழர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் வாங்க. இனி நீங்க பேசுங்க, நாங்க கேட்கிறோம்.