தலைவர்கள் துயிலும் மண்



பெங்களூரில் வாழும் நம்மவர் சென்னைக்குச் சென்றால், கடற்கரையில் அறிஞர் அண்ணா துயிலும் இடத்தைக் கண்டு வராமல் திரும்புவது அரிது. 1969ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அண்ணா அங்கே அடக்கம் செய்யப்பட்டார். 1987இல் எம்.ஜி.ஆரும், 2016இல் ஜெயலலிதாவும், 2018இல் கருணாநிதியும் அதே மணற்பரப்பில் இடம் பெற்றனர். கருணாநிதிக்கு அவ்விடம் கிடைக்குமா என்ற கேள்வி இரவு நேரத்திலும் உயர்நீதிமன்றத்தில் வழக்காடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். கிண்டிக்குச் சென்றால் இராஜாஜிக்கும் காமராசருக்கும் பக்தவத்சலத்திற்கும் எழுந்த நினைவிடங்கள் உள்ளன. இவற்றையெல்லாம் நம் பிள்ளைகளும் அறிவார்கள்.

ஆனால் இரண்டு மூன்று தலைமுறைகளாக எந்த மண்ணில் உண்டு உறங்கி வாழ்கிறோமோ, அந்த மண்ணின் தலைவர்கள் எங்கே துயில்கின்றனர் என்று எவரேனும் கேட்டால், நம்மில் பலர் வாய் திறவாமல் நிற்கவே நேரும். அந்த மௌனத்தைச் சிறிது கலைப்பதே இன்றைய நம் பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைக் கருதுவோம். தமிழ்நாட்டில் பசும்பொன் போன்ற சில ஊர்களை விலக்கிப் பார்த்தால், பெருந்தலைவர் பலருக்குத் தலைநகரே இறுதி இடமாயிற்று. கர்நாடகத்திலோ முதலமைச்சராக இருந்தவர்களிற் பலர் தத்தம் ஊர்ப்புறத்திற்கே திரும்பினர். ஒன்றுபட்ட மைசூர் மாநிலத்தின் முதல் முதலமைச்சரான நிஜலிங்கப்பா 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் மறைந்தார். அவருடைய நினைவிடம், தாம் வாழ்ந்த சித்திரதுர்க்கத்திற்கு அருகே, நெடுஞ்சாலை ஓரத்தில் சீபாரா என்னும் சிற்றூரில் இருக்கிறது. தாயகம் இழந்து வந்த திபெத்தியர்க்கு ஆதரவு தந்தவர் என்று தலாய் லாமாவால் பலமுறை நன்றியோடு நினைவுகூரப்பட்டவர் அவர். வந்தேறிகளாக வாழும் நமக்கு இச்செய்தி தனிப்பொருள் உடையது. பங்காரப்பாவின் இறுதிச் சடங்கு 2011இல் அவருடைய சொரபாவிலும், தரம்சிங்கின் சடங்கு 2017இல் கலபுரகி மாவட்டத்து நெலோகியிலும் நடந்தேறின. பெங்களூரை உலகறியும் கணினி நகராக வளர்ப்பதில் பங்கு கொண்ட எஸ். எம். கிருஷ்ணா 2024 டிசம்பரில் மறைந்தபோது, மத்தூர் வட்டத்தில் தாம் பிறந்த சோமனஹள்ளியிலேயே எரியூட்டப்பட்டார்.

இவ்வழக்கம் கன்னட நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்க நாட்டில் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கென்று தலைநகரின் சட்டமன்ற மாளிகைக்கு அடியில் ஒரு கல்லறை அமைத்தார்கள். அது இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. அவர் தம் விருப்பப்படி மவுண்ட் வெர்னான் என்னும் தம் பண்ணையிலேயே துயில்கிறார். 1923 முதல் 1929 வரை அந்நாட்டை ஆண்ட கூலிட்ஜ், வெர்மாண்ட் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில், தம் குடும்பத்தாரின் கற்களோடு ஒத்த எளிய கல் ஒன்றின் கீழ் உறங்குகிறார். அந்நாட்டின் நாட்டுப்புற வட்டங்களில் இவ்வாறு ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் மறைந்து கிடக்கும் அரசியலாளர் எண்ணற்றவர்.

தலைநகரில் எழும் நினைவிடத்திற்கு ஒரு வசதி உண்டு. காவலும் விளக்கும் மலர்வளையமும் நாள் தவறாமல் வரும். ஊர்ப்புறத்து நினைவிடத்திற்கு அவ்வசதி இல்லை. ஊரார் நினைவில் வைத்திருக்கும் வரையில்தான் அதற்கு வாழ்வு. நினைவு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு, நேயர்களே, பெங்களூரின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

1537இல் இந்நகரை அமைத்தவர் எலகங்க நாட்டுப் பிரபு கெம்பே கௌடர் என்பது நாமனைவரும் அறிந்ததே. அவர் பெயர் இல்லாத இடமே இங்கில்லை. பேருந்து நிலையத்திற்கு அவர் பெயர். விமான நிலையத்திற்கும் அவர் பெயர். அந்த விமான நிலையத்தில் 2022 நவம்பரில் 108 அடி உயரச் சிலையும் திறக்கப்பட்டது. நம்மவர் மிகுதியாக வாழும் அல்சூரில், ஏரிக்கரை அருகே நிற்கும் சிறு கோபுரம் அவர் மரபினர் நகர எல்லைக்கு அடையாளமாக எழுப்பிய நான்கனுள் ஒன்று. இத்துணைப் புகழ் வாய்ந்தவர் 1569இல் மறைந்தார். எனினும் அவர் எங்கே துயில்கிறார் என்பது நெடுங்காலம் பொதுமக்கள் அறியாத செய்தியாகவே இருந்தது.

பெங்களூருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் மாகடி. இராமநகர மாவட்டம் என வழங்கி, 2025இல் பெங்களூரு தெற்கு எனப் பெயர் மாற்றம் பெற்ற மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வட்டத்தில் கெம்பாபுரம் என்றொரு சிற்றூர். ஊர்ப்பெயரிலேயே அவர் பெயர் ஒலிக்கிறது. அங்கே பழைய கல்மண்டபம் ஒன்று நின்றது. அதில் எழுத்தும் இருந்தது. 2015இல்தான் ஆய்வாளர் ஒருவர் அவ்வெழுத்தைக் கருத்தூன்றிப் படித்து, இதுவே கெம்பே கௌடர் உயிர் நீத்த இடம் என்று வெளியிட்டார். அதன் பிறகே அரசின் பார்வையும் அவ்வூர் மீது விழுந்தது.

கல் பேசாமல் இருக்கவில்லை, நேயர்களே. அது 400 ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டேதான் இருந்தது. நின்று படிப்பார்தான் இல்லை.

இதனைக் கேட்கும்போது நமக்கு நடுகல் நினைவு வரவேண்டும். போரில் மாண்டவர்க்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே கூறுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அத்தகைய கற்கள் இன்றும் மிகுதியாக உள்ளன. கன்னட நாட்டில் அதே கல்லுக்கு வீரகல் என்று பெயர். பெங்களூர் என்னும் பெயர் முதன்முதலாகக் காணப்படுவதும் பேகூர்க் கோயிலில் உள்ள, ஏறத்தாழக் கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வீரகல்லில்தான். அஃதாவது, இந்நகரின் பெயரை நமக்குக் காத்துத் தந்ததே மாண்டவர்க்கு எடுத்த ஒரு கல். இறந்தாரைக் கல்லில் நிறுத்தும் வழக்கத்தில் தமிழரும் கன்னடியரும் உடன்பிறந்தாரே ஆவர்.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். முதலில் இங்கே வந்த நம் முன்னோர், உயிர் பிரிந்தால் உடலையேனும் ஊருக்குக் கொண்டு செல்லுங்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இன்று கல்பள்ளி இடுகாட்டிற்குச் சென்று பாருங்கள். நம்மவர் பெயர்கள் அங்கே தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேலுகோட்டையில் பிறந்த ஜெயலலிதாவைச் சென்னைக் கடற்கரை ஏற்றது; கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆரையும் ஏற்றது. அவ்வாறே வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் பிறந்த நம் பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் பெங்களூர் மண் ஏற்றிருக்கிறது. நம் இறந்தோர் உறங்கும் ஊர் நமக்கு அயலூர் ஆகாது. ஆகவே அம்மண்ணின் பெரியோர் துயிலும் இடங்களை அறிந்து போற்றுவது நாம் பட்ட கடனே அன்றி, அயலார்க்குச் செய்யும் உபசாரம் அன்று.

ஆதலின் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு மாகடிக்குப் புறப்படுங்கள். கெம்பாபுரத்துக் கல்லின் முன் சற்று நில்லுங்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்போ எண்ணெயோ பூசாமலும், கீறாமலும், பிறர் அவ்வாறு செய்ய விடாமலும் காப்பதே அதற்கு நாம் செய்யும் மலரஞ்சலி. கன்னட எழுத்து நம்மில் மூத்தோர் பலர்க்கு வாராது. அதனால் தாழ்வில்லை. இங்கே பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அவ்வெழுத்து வரும். தேய்ந்த கல்லில் தெரிந்த அளவு அவர்கள் கூட்டிப் படித்துப் பொருள் சொல்லட்டும். நாம் கேட்டுக்கொண்டு நிற்போம்.