வன்தட்டு காணவில்லையா? முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையோரமெல்லாம் தொழிற்சாலைகள். காரும் செல்பேசியும் கண்ணாடியும் இங்கே தயாராகின்றன. அதே சாலையை ஒட்டிய நம் பள்ளிகளில் பழைய கணினிகள் துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன. மேலே ஒரு சீட்டு: ‘ஹார்டு டிஸ்க் போய்விட்டது’. அவற்றுள் சிலவற்றில் வன்தட்டு நன்றாகவே இருக்கும். அதற்குப் போய்ச் சேரும் மின்சாரம்தான் குறைவாக இருக்கும்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளை நாம் திறக்கக் கூடாது. புகார் பதிவு செய்வதுதான் முறை. நான் பேசுவது உத்தரவாதக் காலம் முடிந்த மேசைக்கணினிகளைப் பற்றி. அவற்றையும் தலைமையாசிரியர் அனுமதியோடுதான் திறக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது, மாணவர்களின் நிரல்கள் இருந்த கணினி வன்தட்டைக் காட்டவில்லை. காலையில் சில நேரம் வரும், மதியம் வராது. பார்க்க வந்த பழுதுநீக்குநர் புதுத் தட்டு போடச் சொன்னார். போட்டால் நிரல்கள் போய்விடும். அப்போது ஒரு மாணவி, “சார், அம்மா கம்பெனியில சந்தேகமான போர்டை நல்ல மெஷின்ல மாட்டித்தான் பார்ப்பாங்களாம்” என்றாள். தட்டைப் பக்கத்துக் கணினியில் மாட்டினோம். உடனே வந்துவிட்டது.

அப்படியானால் குறை எங்கே? 3.5 அங்குல வன்தட்டுக்கு இரண்டு மின்னழுத்தங்கள் தேவை. மஞ்சள் கம்பியில் வரும் 12 வோல்ட் மோட்டாரைச் சுழற்றும். சிவப்பில் வரும் 5 வோல்ட் மின்னணுச் சுற்றுக்கு. நின்றிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். பழசாகி அதன் மின்தேக்கிகள் உப்பிப்போயிருந்தால் அந்த நொடியில் அழுத்தம் சரிந்துவிடும். திரை வரும், மின்விசிறி சுற்றும், தட்டு மட்டும் எழாது. பார்ப்பவர் தட்டைத்தான் குறை சொல்வார். 5 வோல்ட்டிலேயே ஓடும் எஸ்.எஸ்.டி.யை அதே பெட்டியில் மாட்டினால் வேலை செய்யவும் கூடும். அது இன்னும் குழப்பும்.

இயற்பியல் ஆய்வக மல்டிமீட்டரை எடுத்து வந்தோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சும்மா தொங்கிய நான்கு முனை இணைப்பானில், கறுப்புக் கம்பிக்கும் மஞ்சள் கம்பிக்கும் இடையே அளந்தோம். 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம். எங்களுக்கு, தட்டு சுழலத் தொடங்கும்போது 10.8 காட்டியது. சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். டிவிடி டிரைவின் இணைப்பைக் கழற்றியதும் தட்டு வந்தது. சுமை குறைந்ததால் வந்தது என்றால் வேறு சாட்சி வேண்டுமா? தாய்ப்பலகை பழுதான இன்னொரு கணினியிலிருந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிப் போட்டோம்.

நீங்கள் தொடங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாட்டா மின்கம்பி, தரவுக்கம்பி இரண்டையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். பாதிச் சிக்கல் தூசியிலும் தளர்விலும்தான். பிறகு பயாஸ் திரையைப் பாருங்கள். அங்கே தட்டின் பெயர் இருந்து விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் மின்சாரக் குறை அல்ல. தேதி பழைய ஆண்டுக்குப் போயிருந்தால் 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்திருக்கும். சாட்டா அமைப்பும் அதனோடு மாறியிருக்கலாம். எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் மறைந்தால் எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம் கொள்ளுங்கள். ஒன்று மட்டும் டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தால், அதைத் திரும்பத் திரும்ப இயக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை யாரும் திறக்க வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

தட்டு வந்தவுடன் நாங்கள் செய்த முதல் வேலை, நிரல்களைப் பென்டிரைவில் நகல் எடுத்ததுதான். தேர்வு முடிந்த பிறகுதான் யு.பி.எஸ். பேட்டரியையே பார்த்தோம்.

சோதித்துப் பார்க்க நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று மையத்துக்கு ஒன்றாவது இருந்தால், பல கணினிகள் கழிவுப் பட்டியலுக்குப் போகாது. எங்கள் பள்ளியில் ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தந்துவிடுங்கள்.