கூரை உள்ளவருக்கு மட்டும்தானா வெயில்?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருமுனைக் கூட்டங்களில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக.)



சித்திரை மாசத்துல சத்திரப்பட்டி தறிக்கூடத்துக்குள்ள நின்னவங்களுக்கு வெயிலைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே தகரம் கொதிக்கும், கீழே பேண்டேஜ் துணி ஓடும். அந்தத் தகரத்து மேல விழுற வெயிலுக்கு இன்னைக்கு உலகச் சந்தையில் விலை இருக்கு. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆஸ்திரேலியாவில் 40 லட்சத்துக்கும் அதிகமான கூரைகளில் சோலார் இருக்கிறது. ஜெர்மனியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கூட பால்கனிக் கம்பியில் பேனலை மாட்டி, பிளக்கைச் சுவரில் சொருகிவிடுகிறார். மின்சாரம் அணையிலும் அனல் நிலையத்திலும் மட்டும் பிறந்த காலம் போய்விட்டது.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. ராஜபாளையம் மில் 1936-இல் வந்தது. இந்த வட்டாரப் பெரிய ஆலைகள் பல வருஷத்துக்கு முன்பே சொந்தக் காற்றாலை போட்டுவிட்டன. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்று அடிக்கும், இங்கே கதிர் சுற்றும். நடுவில் இருப்பது மின்வாரியத்தின் கம்பி. அங்கே ஏற்றிய யூனிட்டை இங்கே பில்லில் கழித்துக்கொள்ளலாம். இதை நான் குறை சொல்லவில்லை, நல்ல ஏற்பாடுதான். என் கேள்வி, ஆறு தறி வைத்திருப்பவருக்கு என்ன வழி என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தறிக்கு ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஆறு தறிக்குச் சுமார் நாலரை கிலோவாட். பத்து மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் 45 யூனிட். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம், 2023-இல் 750-லிருந்து உயர்த்தியது. அது 22 நாளில் தீர்ந்துபோகும். மீதி நாளெல்லாம் மீட்டர் ஓடுவது நம்ம பையிலிருந்து.

சரி, சோலார் போடலாம் என்றால்? 2024-இல் வந்த மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் அது வீட்டுக்கு மட்டும். தறிக்கூடம் வீடு இல்லையாம்! கூடமும் பல பேருக்கு வாடகை. அடுத்தவர் கூரையில் யார் கடன் வாங்கிப் பேனல் போடுவார்கள்? வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கலாம் என்றால், 2022 விதிப்படி 100 கிலோவாட் சுமை இருக்கணும். நாலரை எங்கே, நூறு எங்கே!

கூரை சோலாருக்கு மின்வாரியம் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தை எதிர்த்துச் சிறுதொழில் செய்பவர்கள் போராடினார்கள். 2023-இல் அது அவர்களுக்குப் பாதியானது. கம்பிக்கும் மின்மாற்றிக்கும் செலவு உண்டு, யாராவது கட்டித்தான் ஆகணும், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விடியும் என்று பாகிஸ்தானைப் பாருங்கள். 2024-இல் மட்டும் சுமார் 17 ஜிகாவாட் பேனல் இறக்குமதி. வசதி உள்ளவர்கள் கூரைக்கு மாறிவிட்டார்கள். மின்நிலையத்துக்கும் கம்பிக்கும் ஆன பழைய செலவு, மாற முடியாதவர்களின் பில்லில் போய் ஏறியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அந்த உயரத்திலிருந்து கீழே பாருங்கள். எந்தக் கூரையில் பேனல் இருக்கு, எதில் வெறும் தகரம் இருக்கு என்று எண்ணிவிடலாம். இன்னும் பத்து வருஷத்தில் இந்த ஊரில் யார் பில் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்பது அங்கிருந்தே தெரியும்.

வழி இருக்கிறது. டெல்லியில் 2019-லேயே ஒரு விதி கொண்டுவந்தார்கள். பல பேர் சேர்ந்து ஒரே இடத்தில் சோலார் போட்டு, கிடைக்கும் யூனிட்டை அவரவர் பில்லில் பங்கு போட்டுக் கழித்துக்கொள்ளலாம். சொந்தக் கூரை வேண்டாம். நம்ம நெசவாளர் கூட்டுறவு சங்கங்களுக்கு இதைவிட என்ன வேணும்? சங்கக் கட்டடக் கூரை இருக்கு, புறம்போக்கு இருக்கு, ஐம்பது அறுபது உறுப்பினர்கள் இருக்காங்க. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: சங்கம் போடும் சோலாருக்கு வீட்டுக்குக் கொடுக்கும் அதே மானியம், பத்துத் தறிக்குக் கீழே உள்ளவர்களுக்கு நெட்வொர்க் கட்டணம் முழுசா ரத்து, யூனிட்டைப் பங்கு போட அனுமதி.

இதைப் படிக்கும் தறிக்காரத் தோழர்கள் கடைசி மூன்று மின் பில்லை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். 1000 யூனிட்டுக்கு மேலே எவ்வளவு கட்டினீர்கள், கூடம் சொந்தமா வாடகையா என்று எழுதிக் கொடுங்கள். மனுவோடு அந்தக் கட்டையும் வைத்துத்தான் கொடுக்கப் போகிறோம்.