இடர் நாளும் நம் சங்கமும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழாவில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. எனக்கு முன் பேசியோர் அதனை நிறைவாகச் செய்துவிட்டனர். ஆகவே, இடர் நேரும் நாளில் ஒரு கல்விச் சங்கம் எவ்வாறு இயங்கவேண்டும் என்பதுபற்றிச் சிறிது பேச விழைகிறேன்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை குள்ளஞ்சாவடியில் யாரும் மறந்திருக்க இயலாது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி வட்டாரங்களில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. பொதுத் தேர்வுக்கோ மூன்று மாதமே இருந்தது. பட்டா உடையவர் தம் மர இழப்பைக் காட்ட முடிந்தது. அந்த மரத்தடியில் கொட்டை பொறுக்கிப் பிழைத்த கூலிக்காரர் எதனைக் காட்டுவார்? புதிய கன்று நன்கு காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அவர் பிள்ளை பள்ளியில் நிற்குமா, வேலை தேடி வெளியூர் போகுமா என்பதே கல்விச் சங்கம் கேட்கவேண்டிய கேள்வி.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நம் மக்கள் சில முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், நிவாரணப் பட்டியல்களில் விடுபட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. அலை சாதி பார்க்கவில்லை. பட்டியல் எழுதிய கை பார்த்தது. எனவே, நம் பட்டியலை முன்னதாகவே நாம் எழுதி வைத்திருத்தல் வேண்டும். தெருவாரியாகக் குடும்பங்கள், குடும்ப அட்டை எண், பட்டா உண்டா இல்லையா, படிக்கும் பிள்ளைகள், தனித்து வாழும் முதியோர் ஆகிய விவரங்கள் அதில் இடம்பெறட்டும். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களும் சங்கத்தில் இருக்கட்டும். கூரை பறந்த வீட்டில் முதலில் நனைவது அந்தத் தகரப்பெட்டிதான்.

அடுத்தது, செய்தி. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்து நீரை அருந்தினர். அவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்னும் வதந்தி கிளம்பிற்று. அதனை நம்பிய கூட்டம் மாநாட்டுக்கு வந்தோரைத் தாக்கியது. அண்ணல் தம் மக்களைப் பதிலடியில் இறங்காதபடி தடுத்தார். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3ஆம் நாள், 'பகிஷ்கிருத பாரத்' இதழைத் தொடங்கினார். நம் தரப்பை நாமே உடனே சொல்லவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்கு இதழ் வேண்டியதில்லை. சங்கத்தின் பெயரால் பேசுவதற்கு இருவரை முன்கூட்டியே குறிப்போம். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். (பெண்களுக்குத் தெரிந்தபின்புதான் பல செய்திகள் செயற்குழுவுக்கு எட்டுகின்றன!) உறுதி செய்யாத எண்ணிக்கையை நிருபரிடமோ கைப்பேசிக் குழுவிலோ சொல்லலாகாது. வட்டாட்சியருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை பெறவேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண் சுவரில் எழுதப்பட்டிருக்கவேண்டும். கைப்பேசி ஓய்ந்துவிட்டால் எந்தத் தெருவுக்கு யார் மிதிவண்டியில் செல்வது என்பதும் இன்றே தீர்மானமாகட்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நிவாரணத்துக்கு நன்கொடை வந்த மறுகணமே 'எவ்வளவு வந்தது, யார் தின்றார்கள்' என்னும் பேச்சும் வரும். இப்பேச்சுக்குக் கோபித்துப் பயனில்லை. வந்த தொகையையும் செலவையும் மூன்று நாளுக்கு ஒருமுறை பலகையில் எழுதி, பொருளாளர் கையொப்பமிடட்டும். கணக்குக் கேட்பவரைப் பகைவராகக் கருதும் வழக்கம் நம் சங்கங்கள் சிலவற்றில் உண்டு. அது ஒழிய வேண்டும்.

ஐப்பசி அடைமழைக்கு முன் பதிவேடு முடியவேண்டும். தெருவுக்கு ஒன்றாகக் குறிப்பேடுகளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பொறுப்பேற்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் பெயர் கொடுக்கலாம்.